ராஜகிரிய மேம்பாலம் ஏறும்போது மட்டும்

என் காரில் வந்த அந்தச் சத்தம் அம்மாவுக்குச் சோற்றுப்பானை மூடி. மகனுக்குப் பால்மா டின்னுக்குள் போளையைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். மூன்றாம் மாடி அண்ணர் ஓய்வுபெற்ற இன்ஜினியர், அவர் அதை 'டிற்றொனேஷன்' என்றார். எனக்கு அது வரப்போகிற செலவு.

காலையில் மனைவியைப் பொரளையில் இறக்கிவிட்டுப் பத்தரமுல்லைக்குப் போவேன். ராஜகிரிய மேம்பாலத்தில் ஏறும்போது அக்ஸலேட்டரைக் கொஞ்சம் கூட்டினால், காலடியில் எங்கேயோ ஒரு தகரச் சலசலப்பு. உச்சிக்கு வந்து காலை எடுத்ததும் நின்றுவிடும். இறக்கத்தில் ஒன்றுமில்லை. முதல் வாரம், பாலத்து இணைப்புகளில் ரயர் ஏறி இறங்குகிற சத்தமாக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால், சிக்னலில் நின்று புறப்படும்போதும் வருகிறது, ஓட்டோவை முந்தும்போதும் வருகிறது. பாலத்தில் நீண்டநேரம் காலைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் அங்கே நன்றாகக் கேட்டது, அவ்வளவுதான்.

கார் 2004ஆம் ஆண்டு கொரோலா. கொழும்பில் எல்லோரும் '121' என்று சொல்வது. மாற்றலாம் என்று நினைத்திருந்த நேரத்தில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகு வரியோடு சேர்த்து விலையைப் பார்த்தால், கதவை மூடியே வைத்திருக்கலாமே என்று தோன்றியது. ஆக, இந்தக் காரோடுதான் வாழ வேண்டும். சத்தம் வந்தால் பயம் வருவது இதனால்தான்.

முதல் வைத்தியம் நண்பன் சொன்னது. "மச்சான், 92 அடிக்கிறாய்தானே? 95 அடி, சரியாப் போயிடும்." 2022இல் நாட்கணக்கில் பெற்றோல் செட் வரிசையில் கிடந்த பிறகு கொழும்பில் ஆளுக்கு ஆள் எரிபொருள் நிபுணர். அந்த ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கும் 95 ஒக்டேன் 550க்கும் ஏறியதை யாரும் மறக்கவில்லை. விலை கூடியதால் 95க்குப் பலம் கூட என்றொரு நம்பிக்கை இங்கே பலருக்கு உண்டு. உண்மையில் ஒக்டேன் எண்ணுக்கும் பலத்துக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. பிளக் பொறி வைப்பதற்கு முன்போ, வைத்த நெருப்பு பரவி முடிவதற்குள்ளோ, அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்காமல் பெற்றோல் தானாகப் பற்றிக்கொள்ளக் கூடாது. அதை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சொல்கிற எண் அது. தாங்காவிட்டால் சிலிண்டருக்குள் மிச்சமிருக்கிற கலவை ஒரேயடியாக வெடித்து, உலோகத்தில் சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். அதுதான் நொக்கிங், அண்ணர் சொன்ன 'டிற்றொனேஷன்'. சுமை ஏறும்போது வரும், ஏற்றத்தில் வரும், எஞ்சின் சூடேறிய பிறகு கூடுதலாக வரும்.

என்னுடைய சத்தமும் இப்படித்தானே வருகிறது? அதனால் நம்பினேன். டேங்க் அடிமட்டத்துக்கு வரும்வரை ஓட்டிவிட்டு 95 நிரப்பினேன். கலந்து அடித்தால் சோதனை சோதனையாக இராது என்பதற்காக இரண்டாம் தடவையும் அதே. மேம்பாலத்தில் அதே சலசலப்பு, ஒரு பிசிறு குறையவில்லை. ஒக்டேன் கூடியும் சத்தம் அசையாவிட்டால் நொக்கிங் மேல் சந்தேகத்தைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. '95 போதவில்லை போல' என்று யோசித்தேன். காசு செலவழித்த மனம் அப்படித்தான் கணக்குப் போடும்.

அப்புறம் ஒரு பெரிய கராஜ். பெயர் வேண்டாம். குளிரூட்டிய அறையில் காத்திருக்க வைத்து, ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, 'கோட் ஒன்றும் இல்லை' என்றார்கள். கோட் என்பது காரின் கணினி பதிந்து வைக்கிற பிழை எண். கோட் இல்லை என்றால் நோய் இல்லை என்று பொருளல்ல. சென்சர் எதைக் கவனிக்கிறதோ அதைப் பற்றி மட்டும்தான் ஸ்கேனர் பேசும். ஒரு ஆணி துருப்பிடித்து உடைந்ததைச் சொல்ல காரில் சென்சர் கிடையாது. ஆனால் கோட் இல்லாமல் அனுப்பவும் அவர்களுக்கு மனமில்லை. பிளக் நான்கையும் மாற்றி, இன்ஜெக்டர் கழுவி, சத்தம் போகாததைக் கண்டு, 'டைமிங் செயின் தளர்ந்திருக்கும், எஞ்சினைத் திறக்க வேணும்' என்று ஒரு தாளை நீட்டினார்கள். தாளின் அடியில் இருந்த தொகையை இங்கே எழுதப்போவதில்லை. அம்மா இந்தப் பதிவை வாசிப்பார்.

செயின் தளர்ந்தால் சத்தம் பெரும்பாலும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும். ஒயில் மேலேறி, செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைத் தள்ளுவதற்குள் சில விநாடி 'கடகட'. முற்றிப்போனால் நியூட்ரலில் வைத்து ரேஸ் பண்ணினாலும் கேட்கும், ஏனென்றால் செயின் எஞ்சினோடு ஓடுகிறது, ரோட்டோடு அல்ல. என் கார் காலையில் சத்தமே இல்லாமல்தான் ஸ்டார்ட் ஆகும். இதை அந்த மேசைக்கு முன்னால் சொல்ல எனக்கு அறிவு இருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை மகனையும் ஏற்றிக்கொண்டு மெரின் டிரைவுக்குப் போனேன். வெள்ளவத்தையில் இருப்பதில் இது ஒரு வசதி: ஒரு பக்கம் கட்டடங்கள், மறுபக்கம் ரயில் பாதையும் கடலும். தெற்கே போகும்போது இடப்பக்கம் மதில்களும் கடைகளும் ஒட்டி வரும், சத்தம் பட்டுத் திரும்பும். வடக்கே வரும்போது இடப்பக்கம் கடல்வெளி, சத்தம் போனது போனதுதான். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஏசியையும் ரேடியோவையும் நிறுத்தி, இரண்டு தடவை போய் வந்தோம். மதில் பக்கத்தில் அது கூர்மையாகத் திரும்பிக் கேட்டது. "அப்பா, கீழ இருந்து வருது. பொனட்டுக்குள்ள இல்ல," என்றான். டியூஷனுக்குக் கட்டும் காசு வீண்போகவில்லை என்று அன்றுதான் தோன்றியது.

நிறுத்தி வைத்து நியூட்ரலில் ரேஸ் பண்ணினோம். மூவாயிரம் சுற்று வரை போனாலும் ஒன்றுமில்லை. ஆக பெல்ட், ஆல்டர்னேட்டர் பெயரிங், வோட்டர் பம்ப் வகையறா மேல் சந்தேகம் குறைந்தது. எஞ்சின் சுற்றினாலே பேசுகிறவை அவை. அறுபதில் போகும்போது காலை எடுத்துவிட்டு உருளவிட்டோம், அப்போதும் ஒன்றுமில்லை. சில்லு பெயரிங் என்றால் 'ஊம்' என்ற முனகல் வேகத்தோடு சேர்ந்துதான் கூடும், குறையும், காலை எடுத்தாலும் விடாது. இழுக்கும்போது மட்டும் வருகிறது, அதுவும் கீழிருந்து. இவ்வளவையும் மகன் தன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

அந்தக் கொப்பியோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒரு ஒழுங்கைக்குள் இரண்டு கார் மட்டும் நிற்கக்கூடிய சின்னக் கராஜ். மெக்கானிக் பாஸுக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் போனதும் வாயால் சத்தம் போட்டுக் காட்டத் தொடங்கினேன். 'கிர்ர்ர், சலசல' என்று. கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தம்பி, அது எப்பிடிக் கத்துது எண்டத விடுங்க. எப்பக் கத்துது? அதச் சொல்லுங்க."

கொப்பியைப் பார்த்துச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் வேறு தினுசு. ஏசி போட்டால் கூடுமா? சிக்னலில் கியரை 'டி'யில் (டிரைவில்) வைத்துப் பிரேக் பிடித்து நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குமா? ரிவர்ஸ் எடுக்கும்போது வருமா?

ஸ்டியரிங் நடுக்கம். மாதக்கணக்காக இருந்தது. பொரளைச் சந்தியில் நிற்கும்போது கண்ணாடியில் பின்னால் வருகிற பஸ் ஆடும். கார் பழசு, அப்படித்தான் என்று நானே பதில் சொல்லி வைத்திருந்தேன். ரிவர்ஸில் வருமா என்று யோசித்தே பார்த்ததில்லை.

பாஸ் என்னை ஏற்றிக்கொண்டு வுல்பெண்டால் பக்கம் ஏற்றத்தில் ஒருதரம் போய் வந்தார். ஒல்லாந்தர் 1749இல் கட்டத் தொடங்கிய தேவாலயம் நிற்கிற மேடு அது. மேடுபள்ளம் குறைந்த கொழும்பில் எஞ்சினுக்குச் சுமை காட்ட அவருக்கு வாய்த்த சோதனைக்கூடம். திரும்பி வந்து பொனட்டைத் திறந்து வைத்தார். கராஜ் பையனை சீட்டில் உட்காரவைத்து, ஹேண்ட் பிரேக், கால் பிரேக் இரண்டும் அழுத்திப் பிடிக்கச் சொல்லி, டியில் போட்டு மெதுவாக ஒரு கால் கொடுக்கச் சொன்னார். "முன்னால யாரும் நிக்கக் கூடாது" என்று என்னைத் தோளைப் பிடித்துப் பக்கத்தில் தள்ளினார். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் இதைச் செய்யக் கூடாது, கியர் ஒயில் சூடாகிவிடும்.

எஞ்சின் தலை அப்படியே பின்னால் சாய்ந்தது. கொஞ்சம் அசையும் என்று தெரியும், ஆனால் இது நித்திரையில் இருப்பவன் பஸ் சீட்டில் சாய்கிற சாய்வு. சாய்ந்த அதே நொடியில் கீழே அந்தச் சலசலப்பு. ரிவர்ஸில் போட்டுக் கால் கொடுத்தபோது எஞ்சின் முன்பக்கம் சாய்ந்தது. சத்தமே இல்லை.

குறுக்காக வைத்த எஞ்சினும் முன் சில்லு இழுக்கிற காரும் என்றால் அப்படித்தான். சில்லை முன்னே உருட்டுகிற விசைக்கு எதிர்விசை எஞ்சினைப் பின்னே உருட்டப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பவை மவுண்டிங்குகள். 121இல் வலப்பக்க மவுண்டிங் வெறும் ரப்பர் அல்ல, உள்ளே திரவம் உள்ளது. அதிர்வை அந்தத் திரவம் விழுங்கும். ரப்பர் வெடித்தால் திரவம் கசிந்து போய், மவுண்டிங் தாழ்ந்து, எஞ்சின் ஒரு பக்கம் இறங்கி உட்காரும். பாஸ் டோர்ச் அடித்துக் காட்டினார். பெயிண்ட் தெரியாத அளவுக்குக் கறுப்பாக வழிந்து காய்ந்திருந்தது. நான் இரண்டு வருஷமாக அதை ஒயில் கசிவு என்று நினைத்து, ஒவ்வொரு சேர்விஸிலும் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு காரை உயர்த்திக் கீழே போய்ப் பார்த்தோம். புகையைச் சுத்தப்படுத்துகிற கெற்றலிக் கொன்வெர்ட்டரின் மேல் கவிழ்த்த வெப்பத் தகட்டில் ஒரு ஆணி இல்லை. ஆணி இருந்த இடத்தில் துரு தின்ற ஓட்டைதான் இருந்தது. வெள்ளவத்தைக் கடற்காற்று கதவுப் பிணைச்சல்களையே விட்டுவைப்பதில்லை, தகரத்தை விடுமா? எஞ்சின் பின்னால் சாயும்போது எக்ஸோஸ்ட் குழாயும் அதோடு நகர்ந்து, தளர்ந்த தகடு காரின் அடித்தகட்டில் உரசியது. நியூட்ரலில் எஞ்சின் சாய்வதில்லை, அதனால் உரசலும் இல்லை. சோற்றுப்பானை மூடி என்று அம்மா முதல் நாளே சொன்னார். படித்தவர்கள் யாரும் காதில் போடவில்லை.

பாஸ் இன்னொன்றும் சொன்னார். எஞ்சின் பிளாக்கில் திருகி வைத்திருக்கிற நொக் சென்சருக்கு எஞ்சின் தட்டுகிற சத்தம் எது, வெளியே தகரம் தட்டுகிற சத்தம் எது என்று எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை. பயந்து பொறி வைக்கும் நேரத்தைப் பின்தள்ளிவிடும். கார் கொஞ்சம் சோம்பலாக இழுக்கிறது என்று எனக்குத் தோன்றியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். இருக்கலாம். என் சோம்பலாகவும் இருக்கலாம்.

இதற்கிடையில் ஒழுங்கைக்குள் ஒரு அல்டோ வந்தது. வாடகைக்கு ஓடுகிற பையன். வரும்போதே கேட்டது: தடித்த, ஆழமான 'டொக் டொக்'. கால் கொடுத்தால் வேகமாகிறது, காலை எடுத்தாலும் உடனே அடங்கவில்லை. பாஸ் பேச்சை அப்படியே விட்டுவிட்டுப் போய், ஜன்னலுக்குள் கையை நீட்டித் தானே சாவியைத் திருப்பி நிறுத்தினார். டிப் ஸ்டிக்கை உருவினார். நுனியில் ஒரு துளி கூட இல்லை. "எப்ப ஒயில் பாத்த?" பையன் பேசவில்லை. "கோட்டைக்கு ஒரு ஹயர் இருக்கு பாஸ், முடிச்சிட்டு வரவா" என்று மட்டும் கேட்டான். சாவி பாஸின் பொக்கெட்டுக்குள் போய்விட்டது. பிக் என்ட் பெயரிங், பிஸ்டனைத் தள்ளுகிற கம்பியின் அடியில் இருப்பது. என் தகரச் சத்தத்தோடு நான் மாதக்கணக்கில் ஓடலாம். அந்தச் சத்தத்தோடு அவனால் கோட்டைக்குப் போக முடிந்தாலே அதிசயம், வழியில் அந்தக் கம்பி உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கும். எந்தப் புதுத் தட்டல் கேட்டாலும் முதலில் ஓரமாக நிறுத்தி ஒயில் பார்க்கிற பழக்கம் எனக்கு அன்று வந்தது. அது ஒரு துணித்துண்டு வேலை.

மவுண்டிங் வாங்க, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு நானே போனேன். பாஸ் ஒரு தாளில் எழுதித் தந்தார்: வலப்பக்கம், ஓட்டோமெற்றிக் கியர். கடை நானா இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். "இது ஜப்பான்ல கழட்டினது சேர், ஒரிஜினல். இது தாய்வான், புதுசு. விலை கிட்டத்தட்ட ஒண்டுதான்." ஒரிஜினல் என்ற சொல்லுக்குக் கை தானாக நீண்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால், இரும்புக்கு ஜப்பான் நல்லது, கியருக்கு நல்லது. ரப்பருக்கு வயது இருக்கிறது. கழற்றிய மவுண்டிங்கும் என் காரின் வயதுக்காரன்தான், எங்கோ ஒரு கிடங்கில் கிடந்து இறுகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பார்த்தேன், கல். புதிதையே எடுத்தேன். "விளங்கினவர்" என்றார் நானா. நான் ஜப்பானை எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

வேலை ஒன்றரை மணித்தியாலம். ஒயில் சம்புக்குக் கீழே பலகைத் துண்டு வைத்து ஜாக்கால் எஞ்சினைத் தாங்கிப் பிடித்து, பழையதைக் கழற்றினார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே முழுசாகத் தெரிந்தாலும் திருப்பினால் ரப்பர் உதடு பிளந்து, நடுக்கட்டை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. மற்ற மூன்றையும் கம்பியால் நெம்பிப் பார்த்து, பின்பக்கத்தது இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்றார்.

தகட்டைக் கழற்றி எறியலாமா என்று கேட்டேன். பெரிய கராஜில் பக்கத்து லிஃப்டில் ஒருவர் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். பாஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மாவா கம்பனிக்காரன் போட்டவன்?" கெற்றலிக் கொன்வெர்ட்டர் நூற்றுக்கணக்கான பாகைக்குச் சூடாகும். அந்தச் சூடு காரின் அடித்தகட்டுக்கும் மேலே போகிற பாகங்களுக்கும் ஏறாமல் தடுப்பது அந்த மெல்லிய தகரம்தான். காய்ந்த புல்லின் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கிற கதையும் இந்தச் சூட்டால்தான். துருவேறாத நீளமான ஹோஸ் கிளிப் இரண்டைக் கோத்து, தகட்டைச் சுற்றிக் குழாயோடு இறுக்கிவிட்டார். சில நூறு ரூபாய்.

கிளிப்பை மட்டும் போட்டிருந்தால் சத்தம் போயிருக்கும் என்பதும் உண்மை. நானும் சந்தோஷமாகப் போயிருப்பேன். சாய்கிற எஞ்சின் அடுத்து எக்ஸோஸ்ட் குழாயின் வளைகிற துண்டையோ வேறொரு மவுண்டிங்கையோ பிய்த்திருக்கும், அப்போது வேறு சத்தத்தோடு மறுபடி வந்திருப்பேன்.

அடுத்த நாள் காலை மனைவி பொரளையில் இறங்காமல், "பாலம் வரைக்கும் வாறன், கேக்கணும்" என்று கூடவே வந்தாள். ராஜகிரியவில் ஏறும்போது காலைக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தேன். ஒன்றும் இல்லை. பத்தரமுல்லையிலிருந்து அவள் பஸ்ஸில் திரும்பிப் போனாள், வேலைக்கு அரை மணித்தியாலம் லேட்.

இப்போது மழைக் காலைகளில் ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டால் ஒரு 'கிறீச்' வருகிறது. மகன் தண்ணீர் ஸ்பிரேயோடு வந்து, ஓடுகிற பெல்ட்டுக்குத் தள்ளி நின்று, அதன் வரிப்பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் அடித்தான். சத்தம் அடங்கி மறுபடி வந்தால் பெல்ட் ஓடுகிற கப்பி நேராக இல்லை, தண்ணீர் பட்டதும் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. கூடியது. கொப்பியில் எழுதிக்கொண்டான். சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகிறோம்.